வாழ்வின் பொருளை வகுப்பவர் யார்?

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா என்பது கணக்குப் பார்க்கும் விழா. எத்தனை மாணவர் பயின்றனர், எத்தனை பேர் பட்டம் பெற்றனர், எத்தனை பேர் அலுவலில் அமர்ந்தனர் என்ற கணக்குகளை முன்னர்ப் பேசியோர் எடுத்துரைத்தனர். நமக்கு அளிக்கப்பட்ட தலைப்போ கணக்கில் அடங்காதது. வாழ்வின் பொருள் யாது? அதனைப் பற்றி மாந்தர் கொண்டுள்ள கருத்துகள் ஏன் வேறுபடுகின்றன? இவ்விரு வினாக்களைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றோம்.

தலைப்பைக் கேட்டவுடன் சிலர் முகம் சுளிப்பதும் இயல்பே. "பசித்தவனுக்கு முதலில் சோறிடுங்கள், வாழ்வின் பொருளைப் பிறகு பேசலாம்" என்பர். கூரை ஒழுகும் வீட்டில் இருப்பவனுக்கு இவ்வினா எதற்கு என்றும் கேட்பர். இவ்வாறு கேட்பது நல்லெண்ணத்தால்தான். ஆயினும் இதனை நாம் ஏற்பதற்கில்லை. நம் முன்னோர்க்குச் சோறு மட்டுமா மறுக்கப்பட்டது? நிலமும் நீரும் மறுக்கப்பட்டன, தெருவும் கோயிலும் மறுக்கப்பட்டன, எழுத்து மறுக்கப்பட்டது. இவையெல்லாம் மறுக்கப்பட்டதற்கு அடிப்படையாய் இருந்த மறுப்பு ஒன்று உண்டு. "நான் எதற்காக வாழ்கின்றேன்?" என்று கேட்கும் உரிமையே அவர்களுக்கு மறுக்கப்பட்டது. அவர்கள் பிறக்கும் முன்னரே விடையை வேறு சிலர் எழுதி வைத்திருந்தனர். உழைப்பதற்குப் பிறந்தாய், பறையடிப்பதற்குப் பிறந்தாய், பிணம் சுடுவதற்குப் பிறந்தாய், கைகட்டி நிற்பதற்குப் பிறந்தாய் என்று குழந்தை கண் விழிக்கும் முன்னரே வாழ்வின் பொருள் வகுக்கப்பட்டுவிட்டது. அதற்குத் தலையெழுத்து என்றும் முன்வினை என்றும் பெயரிட்டனர். எழுதிய கை மறைந்து, எழுத்து மட்டும் தெய்வத்தின் எழுத்தாய் நின்றது.

ஆதலின் வாழ்வின் பொருள் பற்றிய வினா, வயிறு நிறைந்தோர் பொழுது போக்குவதற்கு உரியது அன்று. நமக்கு அது உரிமை வினா.

உலக அறிஞர் சிலர் இவ்வினாவை எவ்வாறு எதிர்கொண்டனர் எனச் சிறிது காண்போம். உரோமப் பேரரசில், கி.பி. முதல் நூற்றாண்டில், எபிக்டெட்டசு என்றொருவர் இருந்தார். அடிமையாய் இருந்தவர், கால் ஊனமுற்றவர். பின்னர் விடுதலை பெற்று மெய்யியல் ஆசிரியரானார். நம் வசத்தில் உள்ளவை எவை, நம் வசத்தில் இல்லாதவை எவை எனப் பிரித்தறிவதே அறிவு என்று அவர் கற்பித்தார். உடலையும் உடைமையையும் பிறர் கவரலாம். மனத்தின் இசைவை எவராலும் கவர இயலாது என்பது அவர் கொள்கை. அவருடைய கருத்துகளைப் பின்னாளில் மார்க்கசு அரேலியசு என்னும் பேரரசரே விரும்பிக் கற்றார். ஓர் அடிமையிடம் ஓர் அரசன் பாடம் கேட்டான் என்பது வரலாற்றின் வியப்புகளுள் ஒன்று.

நம் காலத்துக்கு அணித்தே வியன்னா நகர மருத்துவர் விக்டர் பிராங்கல் வாழ்ந்தார். யூதராய்ப் பிறந்த ஒரே காரணத்தால் 1942இல் நாசிகளின் சிறைமுகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டார். ஆசுவிட்சு கொலைமுகாமையும் கண்டார். பெற்றோரையும் உடன்பிறந்தானையும் மனைவியையும் இழந்தார். 1945இல் விடுதலை பெற்று, மறு ஆண்டே தம் பட்டறிவை நூலாக வெளியிட்டார். எந்நிலையிலும் மனிதன் தன் வாழ்வுக்கு ஒரு பொருளைக் காண இயலும். செய்யும் பணியிலும், செலுத்தும் அன்பிலும், தவிர்க்க இயலாத துன்பத்தை ஏற்கும் முறையிலும்கூட அதனைக் காணலாம் என்பது அவர் முடிவு.

இங்கு நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அடிமையாய் இருந்தவர் தமக்குத் தாமே "என் மனம் அடிமையன்று" என்று சொல்லிக்கொள்ளும்போது அது வீரம். அதே சொல்லை ஆண்டான் எடுத்துக்கொண்டு, "உன் மனம் விடுதலையாய்த்தானே இருக்கிறது? உடலில் விலங்கு இருந்தால் என்ன?" என்று அடிமையிடம் கூறினால் அது இன்னொரு விலங்கு. பிராங்கல் இதனை நன்குணர்ந்தவர். தவிர்க்கக் கூடிய துன்பமாயின் அதன் காரணத்தைக் களைவதே பொருளுடைய செயல். வீணே துன்புறுவது வீரமாகாது என்று அவரும் தெளிவுறுத்தினார். பொறுமை பெரிது, எளிமை பெரிது, கிடைத்ததில் மனநிறைவு பெரிது என்று நமக்கு நெடுங்காலமாய் உபதேசித்தோர் பலர். ஒரு கொள்கை நல்லதா என்று கேட்பதோடு, அதனை யார் யாருக்குச் சொல்லுகின்றார் என்றும் கேட்டுப் பழகுதல் நம் இளைஞர்க்கு இன்றியமையாதது.

இனி நம் வரலாற்றுக்கு வருவோம். 1891ஆம் ஆண்டு நம் மக்கள் மறத்தலாகாத ஆண்டு. அவ்வாண்டில் பண்டிதர் அயோத்திதாசர் திராவிட மகாஜன சபையைத் தோற்றுவித்தார். அவ்வாண்டிலேயே இரட்டைமலை சீனிவாசனார் பறையர் மகாஜன சபையைத் தோற்றுவித்தார். இருவரும் உறவினர், ஒரே மக்களின் துயர் கண்டு உருகியவர். ஆயினும் வாழ்வின் பொருள் பற்றி இருவர் கொண்ட முடிபு ஒன்றன்று.

அயோத்திதாசர் தேர்ந்த சித்த மருத்துவர். பழந்தமிழ் ஏடுகளில் ஊறியவர். நம் மக்கள் தாழ்ந்தவராய்ப் பிறந்தவரல்லர், பூர்வ பௌத்தர். பௌத்தத்தைக் கைவிடாமையால் தாழ்த்தப்பட்டவர் என்பது அவர் ஆராய்ந்து கண்ட முடிபு. 1898இல் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றார். சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கி, 1914இல் மறையும் வரை எழுதிக்கொண்டே இருந்தார். மறைக்கப்பட்ட மெய்யைத் தேடிக் காண்பதும், அம்மெய்யின் வழி அறநெறியில் நிற்பதுமே அவர்க்கு வாழ்வாயிற்று. பிறர் இட்ட இழிபெயரை அவர் ஒருபோதும் ஒப்பவில்லை.

சீனிவாசனாரோ அதே பெயரைத் தலை நிமிர்ந்து ஏற்றார். 1893இல் தாம் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்றே பெயர் சூட்டினார். பெயரைக் கண்டு ஒளிந்துகொள்வோன் உரிமை கேட்க முன்வரான் என்பது அவர் எண்ணம். பின்னர்ச் சென்னைச் சட்டமன்றத்தில் அமர்ந்து, பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக் கட்டடங்கள் ஆகியவற்றை எவரும் பயன்படுத்தத் தடையில்லை என்னும் தீர்மானத்தை 1924இல் நிறைவேறச் செய்தார். 1930இல் அண்ணல் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் நம் மக்களின் குரலாய் நின்றார். மதம் மாறுதல் இன்றியமையாதது என அவர் கருதவில்லை. தெருவில் நடக்கும் உரிமையும் கிணற்றில் நீர் மொள்ளும் உரிமையும் ஆளும் மன்றத்தில் இடமும் பெற்றுத் தருவதே அவர்க்கு வாழ்வின் பொருளாயிற்று.

மூன்றாமவர் ஒருவரும் உளர். சுவாமி சகஜானந்தர் துறவு பூண்டவர். துறவியின் வாழ்வுப் பொருள் வீடுபேறு என்பர். இவரோ சிதம்பரத்தில் 1916இல் நந்தனார் பெயரால் கல்விக் கழகம் கண்டு, 1959இல் மறையும் வரை நம் பிள்ளைகளின் கல்விக்கே உழைத்தார். சட்டமன்ற உறுப்பினராகவும் பணியாற்றினார். இறைவன்பால் கொண்ட பற்றும், ஏழைப் பிள்ளையின் சிலேட்டுப் பலகையும் அவர் உள்ளத்தில் ஒன்றுக்கொன்று பகையாகவில்லை.

பௌத்தம் தழுவியவர் ஒருவர், சமயமாற்றத்தை நாடாதவர் ஒருவர், சைவத் துறவி ஒருவர். இம்மூவருள் யார் கொள்கை சரி எனப் பட்டிமன்றம் நடத்தித் தீர்ப்புக் கூற நாம் வரவில்லை. மூவரிடத்தும் பொதுவாய் அமைந்த ஒன்றைச் சுட்டவே விழைகின்றோம். பிறர் எழுதி வைத்த விடையை மூவரும் அழித்தனர். தத்தம் விடையைத் தாமே எழுதினர். அவ்விடைகள் வேறுபட்டதில் வியப்பொன்றும் இல்லை. கட்டளையால் வரும் விடை எல்லார்க்கும் ஒன்றாகவே இருக்கும். உரிமையால் வரும் விடை ஆளுக்கு ஆள் வேறுபடும். நம்மிடையே கருத்து வேற்றுமை உண்டு என்பதனை ஒற்றுமைக் குறைவு என்று வருந்துவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அங்ஙனமாயின் எவ்விடையும் நல்விடைதானா? அளவுகோல் ஒன்றும் வேண்டாவா? வேண்டும். அதனை நமக்கு அளித்தவர் அண்ணல் அம்பேத்கர். 1954ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் அனைத்திந்திய வானொலியில் தம் வாழ்க்கைத் தத்துவம் குறித்து அவர் சிற்றுரை ஒன்று ஆற்றினார். ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு வாழ்க்கைத் தத்துவம் இருத்தல் வேண்டும், தன் நடத்தையை அளந்து பார்க்க அஃதொரு அளவுகோல் என்று தொடங்கினார். பிறப்பால் ஏற்றத்தாழ்வு கற்பிக்கும் சமூகத் தத்துவத்தைத் தாம் மறுப்பதாக வெளிப்படக் கூறினார். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்னும் மூன்று சொற்களில் தம் தத்துவம் அடங்கும் என்றும், இவற்றைப் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து கடன் வாங்கவில்லை, தம் ஆசானாகிய புத்தரிடமிருந்தே பெற்றதாகவும் எடுத்துரைத்தார். எல்லையற்ற சுதந்திரம் சமத்துவத்தை அழித்துவிடும். முற்றான சமத்துவம் சுதந்திரத்துக்கு இடம் தராது. இரண்டையும் காப்பது சகோதரத்துவமே என்பது அவ்வுரையின் சாரம்.

இந்த அளவுகோலை இன்று நம் இளைஞரிடையே வழங்கும் கருத்துகள் மீது வைத்துப் பார்ப்போம்.

"வாழ்வுக்குப் பொருள் என்று ஒன்றுமே இல்லை" என்போர் சிலர். படித்தும் வேலை கிடைக்காத சோர்வில் சொல்வோரும் உண்டு. ஆழ்ந்து படித்துச் சொல்வோரும் உண்டு. இவர்களை நாத்திகர் என்றோ நன்றியற்றவர் என்றோ வைதல் தகாது. அல்பேர் காமு என்னும் பிரெஞ்சு எழுத்தாளரும் ஏறத்தாழ இவ்வாறே எண்ணியவர். மனிதன் பொருளைக் கேட்டு அரற்றுகின்றான், உலகமோ வாய் திறப்பதில்லை என்றார். அல்சீரியாவில் வறிய குடும்பத்தில் பிறந்தவர். தந்தை 1914இல் போரில் இறந்தார். எழுதப் படிக்கத் தெரியாத தாய் பிறர் வீடுகளில் வேலை செய்து வளர்த்தார். ஆயினும் அவர் சோர்ந்து கிடக்கவில்லை. அநீதியை எதிர்த்து எழுதினார். 1957இல் நோபல் பரிசு பெற்றபோது, தாய்க்கு அடுத்துத் தம் நினைவில் வந்தவர் தொடக்கப் பள்ளி ஆசிரியரே என்று அவ்வாசிரியர்க்கு மடல் எழுதினார். ஏழைச் சிறுவனுக்கு அவர் நீட்டிய கை இல்லையேல் இவை ஒன்றும் நிகழ்ந்திரா என்று நன்றி கூறினார். உலகம் பொருள் தராவிடினும் ஓர் ஆசிரியர் தரலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

"என் குடும்பத்தைக் கரையேற்றுவதே என் வாழ்வு" என்போர் பலர். இவர்களைத் தன்னலத்தார் என்று தூற்றுவோர் உண்டு. கடனில் மூழ்கிய தந்தையையும், கூலி வேலையில் தேய்ந்த தாயையும், படிப்பு நின்ற தங்கையையும் கைதூக்கி விடுவது சிறிய செயலா? தலைமுறை தலைமுறையாய்க் குடும்பமாய் வாழவே விடப்படாத மக்களுக்குக் குடும்பம் பேணலும் ஓர் அறமே. அளவுகோலின் மூன்றாம் சொல்லை மட்டும் அவர்க்கு நினைவூட்டுவோம். கரையேறியவன் ஏணியை மேலே இழுத்துக்கொள்ளாதிருத்தல் வேண்டும்.

"சமுதாயப் பணியே வாழ்வு, ஏனைய யாவும் வீண்" என்போர் மூன்றாம் வகையினர். இக்கழகத்தை உருவாக்கியவர் பெரும்பாலும் இவ்வகையினரே. இவர்தம் உழைப்புக்கு நாம் தலைவணங்குகின்றோம். ஆயினும் இவர்களுள் சிலரிடையே நிலவும் கருத்து ஒன்றினை நாம் மறுத்தாக வேண்டியுள்ளது. கழகத்தின் உதவியால் பயில்வோர் அனைவரும், படிப்பு முடிந்தபின் இத்தனை ஆண்டு சமுதாயப் பணி செய்வோம் என்று எழுதித் தர வேண்டும் என்பதே அக்கருத்து. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். வரலாறு சொல்வதைக் கேளுங்கள்.

அண்ணல் அம்பேத்கர் 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று அமெரிக்கா சென்றபோது, திரும்பி வந்து பத்தாண்டு பரோடா அரசில் பணி புரிவதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார். சொன்ன சொல் தவறாமல் 1917இல் பரோடா சென்றார். தீண்டாமை அவரைத் தங்கவும் இடமின்றி விரட்டியது. சின்னாட்களில் பம்பாய் திரும்பினார். எழுதிக் கொடுத்த பத்தாண்டுப் பணி இவ்வாறு முடிந்தது. எவர்க்கும் எழுதிக் கொடாத பணியோ 1956 டிசம்பர் 6ஆம் நாள் அவர் மூச்சு அடங்கும் வரை தொடர்ந்தது. மகாடு குளத்து நீருக்காக 1927இல் மக்களை அழைத்துச் சென்றதற்கு எந்த முத்திரைத்தாளில் கையொப்பம் இட்டார்? 1945இல் மக்கள் கல்விக் கழகம் கண்டதற்கு யார் அவரைப் பிணைத்தனர்? அவர் தேர்ந்துகொண்ட வாழ்வு அது.

ஆதலின் நம் பிள்ளைகளிடம் பிணைப்பத்திரம் வாங்குதல் வேண்டா. பிறப்பினால் உன் வாழ்வின் பொருள் இன்னது என்று முன்பு பிறர் எழுதினர். உதவி பெற்றமையால் இன்னது என்று நாம் எழுதுதல் ஆகாது. நம் பிள்ளைகளுள் ஒருவர் விண்மீன்களை ஆராயலாம். ஒருவர் இசையில் மூழ்கலாம். ஒருவர் தொலைநாட்டில் குடியேறலாம். ஒருவர் சேரியிலேயே மருத்துவமனை நடத்தலாம். இவர்களுள் எவரும் கழகத்துக்கு நட்டமில்லை. நன்றி என்பது தானே சுரக்க வேண்டிய ஊற்று. அதற்கு வாய்க்கால் வெட்டி வைப்பது நம் கடமை. பழைய மாணவர் மன்றம் ஒன்று அமையட்டும். வந்து போவோர் தத்தம் துறையைப் பற்றி இளையோர்க்குச் சொல்லட்டும். இயன்றவர் இயன்றது தரட்டும். கேட்பது நம் உரிமை, கட்டாயப்படுத்துவது அன்று.

இன்னொன்றும் சொல்லல் வேண்டும். ஆண்மக்கள் வாழ்வின் பொருள் பற்றி வாதிடுகையில், பெண்மக்கட்கு மட்டும் விடை முன்னரே எழுதப்பட்டிருப்பதை எவ்வீட்டிலும் காணலாம். அடுப்பும் தொட்டிலும் தவிர வேறு பொருள் உண்டோ என்று கேட்கவும் அவள் விடப்படுவதில்லை. ஊர் நமக்குச் செய்ததை வீடு அவளுக்குச் செய்யலாகாது. சாவித்திரிபாய் புலே 1848இல் கணவர் சோதிராவுடன் இணைந்து புனேயில் பெண்கள் பள்ளி தொடங்கியபோது, தெருவில் அவர்மேல் சேறும் சாணமும் வீசினர். கறைபட்ட சேலையை மாற்றிக்கொள்ள வேறொரு சேலையுடன் பள்ளிக்குச் சென்றார். 1897இல் கொள்ளைநோய் பரவிய காலத்தில் நோயாளிகளுக்குத் தொண்டு புரிந்து, அந்நோயாலேயே உயிர் நீத்தார். அவர் வாழ்வின் பொருளை ஊரார் எழுதவில்லை. அவரே எழுதினார். நம் மாணவியர்க்கும் அவ்வுரிமை உண்டு. மேற்படிப்பா, திருமணமா, இரண்டுமா என்பதை முடிவு செய்யும் சொல் அவர்களுடையதாகட்டும்.

தோழர்களே, கல்வி எதற்கு என்ற வினாவுக்கு வேலைக்கு என்று விடை கூறுவோர் உளர். வேலை வேண்டும், அதில் ஐயமில்லை. ஆயின் வேலை கிடைத்தபின்னும் கல்விக்குச் செய்யும் பணி ஒன்று எஞ்சியிருக்கும். தன் வாழ்வைத் தானே நோக்கி, இது நான் தேர்ந்ததா, பிறர் திணித்ததா என்று பிரித்தறியும் கண்ணைத் தருவதே அப்பணி. எனவே மூன்று வினாக்களை உங்களிடம் ஒப்படைக்கின்றோம். நீங்கள் கொண்ட வாழ்வின் பொருள் நீங்களே தேர்ந்ததா? அது பிறர் எவரையும் உங்கட்குக் கீழே நிறுத்தாது இருக்கிறதா? வேறு பொருளைத் தேர்ந்தவனையும் உடன்பிறந்தானாகக் கொள்ள அதில் இடம் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்று விடை கூற முடியுமாயின், நீங்கள் விகாரையில் இருந்தாலும் கோயிலில் இருந்தாலும், தேவாலயத்தில் இருந்தாலும் எவ்விடத்தும் தொழாது இருந்தாலும், நம்மவரே.

இருபத்தைந்து ஆண்டுகளாக இக்கழகம் நம் பிள்ளைகளின் கையில் எழுதுகோலைக் கொடுத்து வருகின்றது. இனி வரும் ஆண்டுகளிலும் கொடுக்கட்டும். அவர்கள் எழுதப்போவது என்ன என்று முன்கூட்டியே கேளாமல் கொடுக்கட்டும். எழுதியதைப் பிறகு அன்போடு வாங்கிப் படிப்போம், மாறுபட்டால் வாதிடுவோம், ஆயின் அழிக்க மாட்டோம்.